கொடியில் தொங்கிய மடல்

சலவைக்கூடத்தின் சளைக்காத சாரதியே! வெண்மைக்கு விளக்கம் தந்த வித்தகரே! கறையைக் கண்டால் கண்ணுறங்காத காவலரே! காலை மணி ஒலிக்கும் முன்பே கதவருகில் காத்து நிற்கும் கடமையின் திருவுருவே! கஞ்சி போட்ட சட்டையின் விறைப்பு ஒருநாளும் கலையாமல், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்களை மேற்பார்த்து, மேய்த்து, மெருகேற்றி, இன்று பணி நிறைவு பெற்று இல்லம் ஏகியிருக்கும் எங்கள் பெருமதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் ஐயா அவர்களே! சலவைக்கூடத்துப் பணியாளர்களாகிய நாங்கள் ஒன்றுகூடி, உள்ளம் ஒருமித்து, உவகையோடு வழங்கும் இரண்டாவது பாராட்டு மடல் இது.

இரண்டாவதா என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எங்களுக்கு இங்கிருந்தே தெரிகிறது. முதல் மடல் உங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். மகிழ்ச்சி. அதில் உள்ள சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் விழா மேடையில் நேரம் குறைவு; பூங்கொத்துக் கொடுக்கவும் படம் பிடிக்கவுமே பாதி மாலை போய்விட்டது. சொல்ல வேண்டியதில் பாதி விடுபட்டுப் போயிற்று. விடுபட்டதை ஆற அமர எழுதி அனுப்புவதே முறை என்று பட்டதால் இதை எழுதுகிறோம். இதற்குச் சட்டம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறோம். தாமதம் என்பதை அறியாத தகைமை உங்களுடையது. கை சுத்தம், கணக்குச் சுத்தம், காலணி கூடச் சுத்தம். மருத்துவமனையிலிருந்து வரும் மூட்டையில் ஒரு தலையணை உறை குறைந்தாலும் அது கிடைக்கும் வரை நீங்களும் உட்கார மாட்டீர்கள், எங்களையும் உட்கார விட மாட்டீர்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆள் பார்த்து வேலை பிரித்ததில்லை. எல்லோருமே உங்களுக்கு வேண்டாதவர்கள்தான். கொதிகலன் வெடிப்பது போல் உறுமிய அந்த மழைநாளில் எங்களை எல்லாம் வெளியே விரட்டிவிட்டு, நீங்கள் ஒருவரே உள்ளே போய் அதை அணைத்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்த மடலை எழுதுவது எங்களுக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் நீங்கள் எங்களைப் பெயர் சொல்லித் திட்டுவீர்கள், நினைவிருக்கிறதா? சலவை இயந்திரம் பார்க்கும் நுரை அண்ணன், வாயைத் திறந்தால் மூடத் தெரியாததால் அந்தப் பெயர் பெற்றவர், உங்கள் திட்டுக்கு நிரந்தர வாடிக்கை.

"ஏன்டா நுரை, சோப்ப போட்டியா இல்ல உங்கப்பன் வீட்டுச் சொத்துன்னு அள்ளிக் கொட்டினியா?"

"எங்கப்பன் வீட்ல சோப்பே கெடையாதுய்யா."

கூடமே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். உங்கள் மீசைக்கடியிலும் ஏதோ அசையும். அந்தத் திட்டு மத்தியானச் சாப்பாட்டோடு செரித்துவிடும். தவறு செய்தவர் தாமே ஓடி வந்து சொல்லுவார், நீங்கள் கத்துவீர்கள், காரியம் நடக்கும். நாங்கள் அதை ஒரு கொடுமை என்று நினைத்ததே இல்லை.

பிறகுதான் உங்கள் திறமையை வளர்க்க முதலாளி ஆசைப்பட்டார். நல்ல மேற்பார்வையாளர் ஆவது எப்படி என்று சொல்லித் தரும் இரண்டு நாள் வகுப்புக்கு உங்களை அனுப்பினார். அக்குளில் ஒரு கோப்போடும் முகத்தில் ஒரு புது ஒளியோடும் திரும்பி வந்தீர்கள். முக்காலியின் மேல் ஏறி நின்று எங்களையெல்லாம் கூப்பிட்டீர்கள்.

"இனிமே யாரையும் பேர் சொல்லித் திட்டப் போறதில்ல. குறையத்தான் பாக்கணும், ஆளப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். அதுதான் சரி."

நாங்கள் கை தட்டினோம். மடிப்பு மேசையின் தலைமாட்டில் நின்ற அக்கா எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். இந்த மடல் இனி பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்: மடிப்புப் பிரிவில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா, பெயருக்கு மடிப்பவர், காரியத்தில் உங்கள் துணை.

மறுநாள் காலை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டு ஆணி. அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய ஒரு கொடிக்கயிறு. அதில் இரண்டு கவ்விகளோடு, உருளை இஸ்திரி இயந்திரத்தில் கருகிப் போன ஒரு படுக்கை விரிப்பு. யார் செய்தது என்று நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்ன சொல் தவறாத சீலரல்லவா! சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உருளையில் நிற்பவர் ஒரே ஒருவர். அறுபதை நெருங்கும் அந்த உருளைக்காரர் காலை முதல் மாலை வரை தன் கருகலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து கறை போகாத துணி, கோணலாக மடித்த துணி, கிழிசலைத் தைக்காமல் விட்ட துணி என எல்லாம் கொடிக்குப் போயின. பெயர் இல்லை, திட்டு இல்லை, பேச்சும் இல்லை. ஐயா, ஒரே கூடத்தில் வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்களுக்கு ஒவ்வொருவர் கையும் தெரியும். இந்த ஓரத்தை இப்படி இழுப்பவர் இன்னார், இந்தத் தையலை இப்படி முடிப்பவர் இன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். நீங்கள் பெயரைத்தான் எடுத்தீர்கள். அவமானத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு இரண்டு கவ்வியும் வாங்கிக் கொடுத்தீர்கள்.

நாங்களும் கற்றுக்கொண்டோம். முன்பு ஓடி வந்து சொன்னவர்கள் ஒளிக்கப் பழகினோம். கருகிய விரிப்பை நல்ல விரிப்புகளின் நடுவில் செருகி, கட்டிக் கொடுத்து, வேனில் ஏற்றிவிடுவோம். அது ஏதோ ஒரு மருத்துவமனையில் ஏதோ ஒரு நோயாளியின் முதுகுக்கடியில் போய்ச் சேரும். கொடியில் துணி குறையக் குறைய எங்கள் வேலை திருந்திவிட்டது என்று நீங்கள் அகமகிழ்ந்தீர்கள். முதலாளியைக் கூட்டி வந்து காலிக் கொடியைக் காட்டினீர்கள்.

கிழிசல் தைக்கும் அம்மாவின் கதை உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அந்தக் கதையே. ஒருநாள் தையல் இயந்திரத்தின் ஊசி அவருடைய வலக்கை விரலுக்குள் இறங்கி ஏறியது. தையல்காரம்மா சத்தம் போடவில்லை. ஒரு துண்டுத் துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ரத்தம் பட்ட தலையணை உறையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தேய்த்துத் தேய்த்து அலசினார். திரும்பி வந்து மாலை வரை தைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது அக்காதான் பார்த்தார்.

"கையக் காட்டும்மா."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா துணி சுத்தி வச்சிருக்க? காட்டு."

"மொதல்ல இந்த உறையப் பாத்துச் சொல்லுங்கக்கா. கறை போயிடுச்சா, தெரியுதா?"

அக்கா உறையைப் பார்க்கவில்லை. அவரைக் கையோடு மருத்துவரிடம் கூட்டிப் போனார். உடைந்த ஊசிமுனை உள்ளேயே இருந்தது. சீழ் வைத்து, கீறி, ஆறி, கடைசியில் விரல் தப்பியது, மடங்குவதுதான் நின்றுவிட்டது. தையல்காரம்மா நீண்ட விடுப்புக் கேட்டபோது நீங்கள் காரணம் கேட்காமல் கொடுத்தீர்கள். பெருந்தன்மைதான். காரணம் கேட்டிருக்கலாம் ஐயா.

அக்கா கேட்பார். அதுதான் அவருக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம். நீங்கள் வகுப்பிலிருந்து கொண்டு வந்த அதே வாசகத்தைத்தான் அவரும் கேட்டார், அதுவும் உங்கள் வாயாலேயே. ஆனால் அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நீங்கள் சுற்றி வருவதற்கு முன்பே ஒரு சுற்று வருவார். கெட்டுப் போன துணி கண்ணில் பட்டால் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செய்தவரிடம் போவார். பின்னால் போய் நிற்க மாட்டார், பக்கத்தில் நிற்பார். குரலைத் தாழ்த்தி "என்ன ஆச்சு?" என்பார். பதில் வரும் வரை காத்திருப்பார்.

உருளைக்காரரிடம் அப்படித்தான் கேட்டார். முதலில் அவர் முறைத்தார். பிறகு சொன்னார்.

"நான் என்னம்மா பண்றது? காய வைக்கற மெஷின்லேர்ந்து வரும்போதே அப்பளமா வருது. கொஞ்சமாவது ஈரம் இருந்தாத்தானே உருளை தாங்கும்?"

இத்தனை வருடமாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா போய், காய வைக்கும் இயந்திரத்தையும் சேர்த்துப் பார்க்கும் நுரை அண்ணனிடம் பேசி, துணியைக் கொஞ்சம் ஈரத்தோடு எடுக்கச் சொன்னார். கருகல் நின்றது. மறுவாரம் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து, "உருளைலேர்ந்து வர்ற விரிப்பப் பாத்தீங்களா? ஒரு சுருக்கம் இருக்கா சொல்லுங்க" என்று உரக்கச் சொன்னார். அந்த வயதிலும் உருளைக்காரருக்கு வெட்கம் வந்தது.

ஆக, உங்கள் கொடி காலியாகத் தொங்கியதற்குப் பாதிக் காரணம் எங்கள் ஒளிப்பு. மீதிக் காரணம் அக்கா. நீங்கள் இரண்டையும் சேர்த்து உங்கள் முறையின் வெற்றி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அக்கா சொன்னார். "நான் மட்டும் அந்த நாற்காலிக்கு வந்தேன்னா, மொத வேலை அந்தக் கொடிய அவுக்கறதுதான்."

"அவுத்து என்னக்கா பண்ணுவீங்க?" என்றார் நுரை அண்ணன்.

"உன் வாயக் கட்டுவேன்."

அன்று தையல்காரம்மா சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் உங்கள் ஓய்வு நாளை எண்ணத் தொடங்கினோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் மேல் உள்ள வெறுப்பால் இல்லை. அந்தக் கயிறு இறங்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

ஓய்வு நாள் நெருங்கியதும் முதலாளி அக்காவை உங்கள் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அக்கா அன்றே எங்களிடம் சொன்னார்.

"அடுத்து யாருன்னு உங்க ஐயா சொல்றதுதான். வெளியிலேர்ந்தும் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார், கெடுபிடியான ஆளுன்னு பேரு" என்றாராம் முதலாளி.

"ஐயா என்னப் பத்தி என்ன சொன்னாருங்க?"

"வேலை தெரியும், வேலை வாங்கத் தெரியாது, எளகின மனசுன்னு சொன்னார். பாக்கலாம். விழாவுக்கு மடல் எழுதப் போறது நீதானே? கீழ எல்லார் கையெழுத்தும் இருக்கணும். ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது. அதையே பரீட்சைன்னு வச்சுக்க."

அக்கா வீட்டில், அடுப்பில் உலை கொதிக்க, பலகையில் தாளை வைத்து எழுதினாராம். எழுத எழுத வாய்விட்டுப் படித்தும் பார்த்தாராம். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "யாரும்மா இது? இவ்வளவு தங்கமான ஆளா? நீ தெனம் வந்து வேற ஒருத்தரப் பத்தில்ல சொல்லுவ?" என்றாராம்.

"வெங்காயத்தப் பாத்து உரிங்க" என்றாராம் அக்கா.

அப்படி உருவானதுதான் உங்கள் சட்டத்துக்குள் இருக்கும் "குறை காணா நிறைமதியே!", "பேர் சொல்லிப் புண்படுத்தா பெருந்தகையே!" முதலிய வரிகள். தடித்த வெள்ளைத் தாளில் அழகாக எழுதி வாங்கி வந்து எங்கள் முன் வைத்தார். அந்த வரிகளைப் படிக்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டோம். உருளைக்காரர் போட்டார், பிரிப்பு மேசைப் பெண்கள் போட்டார்கள், வேன்காரர் போட்டார். நுரை அண்ணன் "இந்தப் பெருந்தகை யாருன்னு எனக்கும் ஒருநாள் காட்டுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். உங்களுக்காக யாரும் போடவில்லை. அக்காவுக்காகப் போட்டோம்.

தையல்காரம்மா போடவில்லை.

"என் விரல் மடங்காதுக்கா. பேனா பிடிக்க வராது."

"ஊசி பிடிக்குதேம்மா?"

"ஊசி எனக்குச் சோறு போடுது. இது யாருக்குப் போடுது?"

அக்கா அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இத நீ போட்டாத்தான் நான் அந்த எடத்துக்கு வர முடியும். நான் வந்தாத்தான் கொடி எறங்கும். வெளியாள் வந்தா இன்னும் ரெண்டு கொடி கட்டுவான்."

"எறக்குங்கக்கா. வேண்டாங்கல. அதுக்கு நான் எதுக்கு அவர உத்தமர்னு எழுதிக் குடுக்கணும்?"

அக்கா மடலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். வீட்டு நலம் விசாரித்தார், வேடிக்கை பேசினார், கடைசியில் கெஞ்சினார். தையல்காரம்மா இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார். விழாவுக்கு இன்னும் இரண்டே நாள் என்றபோது, நல்லாசான் ஐயா, நீங்கள் குறுக்கே வந்தீர்கள். கஞ்சித் தொட்டியருகே அக்காவை நிறுத்திப் பேசினீர்கள். தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்த எங்களில் இரண்டு பேரை நீங்கள் கவனிக்கவில்லை.

"கெஞ்சிக்கிட்டிருக்கியாமே?"

"பேசிப் பாத்துக்கிட்டிருக்கேங்கய்யா."

"பேசாத. பேச்சு பலவீனம். பேரும் சொல்லாத. இருக்கறத இருக்கற மாதிரி எல்லாரும் பாக்கற எடத்துல வை. மிச்சத்த அவங்களே பாத்துப்பாங்க."

அக்கா "சரிங்கய்யா" என்றுகூடச் சொல்லவில்லை. அதனால் நாங்கள் நிம்மதியாகத் தொட்டியைக் கழுவினோம்.

மறுநாள் காலை கதவு திறந்ததும் எதிர்ச்சுவரில் மடல் தொங்கியது. கொடியில், இரண்டு கவ்விகளில். கீழே எங்கள் கையெழுத்துகள் வரிசையாக. நடுவில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக. பெயர் இல்லை.

"போற நேரத்துலயும் கஞ்சி கொதிக்குது பாரு" என்று நுரை அண்ணன் பல்லைக் கடித்தார். உங்களை நாங்கள் கஞ்சி என்றுதான் அழைப்போம். இனி தெரிந்தால் என்ன. நாங்களும் நீங்கள் செய்ததாகத்தான் நினைத்தோம். கிட்டப் போய்ப் பார்த்தோம். கவ்வி அழுந்தித் தாளில் தடம் விழாமல் இருக்க, கவ்விக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய துணித்துண்டை நாலாக மடித்து வைத்திருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்ந்த, பிசிறில்லாத மடிப்பு. உங்களுக்கு அப்படி மடிக்க வராது ஐயா. எங்கள் கூடத்தில் ஒருவருக்குத்தான் வரும்.

 அவரவர் இடத்துக்குப் போனோம். அக்கா மடிப்பு மேசையில் தலை நிமிராமல் நின்றார். தையல்காரம்மாவின் இயந்திரம் கொடிக்கு நேர் எதிரே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் தைக்க நிமிரும்போதெல்லாம் அந்த வெள்ளை இடம் கண்ணில் படும். நாங்கள் அவரைப் பார்த்துவிடக் கூடாது என்று அன்று முழுக்கப் பாடுபட்டோம். ஒருவரைப் பத்துப் பேர் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் தையல் இயந்திரம் நின்றது. தையல்காரம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து போய், மடலைக் கொடியிலிருந்து எடுக்காமலே, சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்துப் போட்டார். மடங்காத விரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. உங்கள் வீட்டுச் சுவரில் நடுவரிசையில், வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்து கீழே இழுத்துக்கொண்டு போகும் கையெழுத்து ஒன்று இருக்கும், பாருங்கள். அதுதான் அவருடையது.

திரும்பி வரும் வழியில் மடிப்பு மேசையருகே ஒரு நொடி நின்றார். "போட்டுட்டேன்" என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழக்கமாக வரும் "அக்கா" வரவில்லை. அக்கா ஏற்கெனவே மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

விழாவைப் பற்றி நாங்கள் என்ன சொல்ல! கூடத்தைக் கழுவி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கொடிக்கு முன்னால் திரை கட்டி மறைத்தோம். அக்கா மடலை வாசித்தார். நல்ல குரல், ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. பிறகு ஏற்புரை ஆற்ற எழுந்தீர்கள், எழில்மிகு ஏந்தலே! நீங்கள் பேசியது எங்களுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"இத்தன வருஷத்துல என்ன சாதிச்சேன்னு யோசிச்சேன். எனக்கப்புறம் ஒரு ஆள உருவாக்கிட்டுப் போறேன், அதான் சாதனை. இவங்களுக்கு எளகின மனசு, சரிப்பட்டு வராதுன்னு நானே சொல்லியிருக்கேன். நேத்து காலைல வந்து பாத்தேன். கொடில மடலு. ஒரு வார்த்த பேசல, ஒரு பேரு சொல்லல. சாயங்காலத்துக்குள்ள காரியம் முடிஞ்சுது. எனக்குக் கூடத் தோணியிருக்காது. இனிமே எனக்குக் கவல இல்ல. இவங்கதான் அடுத்த மேற்பார்வை."

முதலாளி முதலில் தட்டினார்; பிறகு எல்லோரும் தட்டினோம். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிரிவுத் துயரம் என்று எண்ணி, "போய் வரத்தானே போறேன், அழக்கூடாது" என்று நீங்கள் ஆறுதல் சொன்னீர்கள். உங்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

மறுநாள் காலை அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாற்காலியில் உட்காரும் முன்பே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். இத்தனை வருடத்து முடிச்சு. நகம் உடைந்ததுதான் மிச்சம். யாரும் கத்தி கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இளக்கி, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் அவிழ்த்தார். கயிறு தரையில் விழுந்தது. எத்தனை நாள் காத்திருந்த காட்சி! கூடத்தில் ஒரு கை தட்டல் இல்லை. எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லும் நுரை அண்ணனுக்கும் அன்று வேடிக்கை வரவில்லை. அக்கா முக்காலியில் நின்றபடியே திரும்பி எங்களைப் பார்த்தார்.

தையல்காரம்மாதான் வாயைத் திறந்தார். "நல்லது, மேடம்."

கோபத்தோடு சொல்லவில்லை. மரியாதையாகவே சொன்னார். அன்று மாலைக்குள் நாங்கள் எல்லோரும் மேடம் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

இப்போது நிலைமை என்ன என்று அறிய ஆவலாக இருப்பீர்கள். கொடி இல்லை. சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருக்கிறது. மேடம் இன்றும் அதே போலத்தான் பக்கத்தில் வந்து நிற்கிறார், அதே தாழ்ந்த குரலில் "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லுகிறோம். முதல் வாரம் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கள் மேசைக்கு வந்தார். நகர்ந்து இடம் கொடுத்தோம், ஒருவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கொடுத்தோம். பேச்சு நின்றது. இப்போது கண்ணாடி அறையில் தனியாகச் சாப்பிடுகிறார், உங்களைப் போலவே. சென்ற வாரம் மருத்துவமனைக்குக் கட்டிய மூட்டையில், நடு விரிப்பு கருகியிருந்தது.

மேற்பார்வை என்னும் கலையை நீங்கள் கற்றது இரண்டு நாளில். எங்கள் அக்கா தானே தேடிக் கற்றது பல ஆண்டுகளில். அதை நீங்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உங்களுடையதைக் கொடுத்தது கஞ்சித் தொட்டியருகே நின்ற அந்தச் சில நிமிடங்களில். இப்படி ஓர் ஆசிரியரை எங்கே காண்போம்! நீங்கள் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை ஐயா. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா உங்கள் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்.

கயிற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். துவைத்து, உலர்த்தி, சுருட்டி வைத்திருக்கிறோம். நல்ல கயிறு, இன்னும் நெடுங்காலம் உழைக்கும். உங்கள் வீட்டு மாடியில் கட்டி ஈரத்துணி காயப் போடுங்கள். கயிறும் ஒருமுறையாவது தான் பிறந்த காரியத்தைச் செய்து பார்க்கட்டும்.

நோயற்ற உடலும் குறையற்ற உறக்கமும் பெற்று, பெற்ற மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ, பல்லாண்டு நீங்கள் வாழ வேண்டும். இது வஞ்சம் கலக்காத வாழ்த்து. நடுவரிசையில் சாய்ந்திருக்கும் அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கும் அளவுக்கு உங்கள் கண் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அனைவரின் வேண்டுதல்.

இந்த மடலை மடிப்பு மேசையில் வைத்துத்தான் எழுதினோம். முடிக்கும் நேரத்தில் மேடம் வந்துவிட்டார். நாங்கள் மறைக்கவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு, "நான் எங்க போடணும்?" என்று கேட்டார்.

"எடம் விட்டிருக்கு" என்றார் தையல்காரம்மா. "போடணும்னு இல்ல."

அந்தப் பேச்சின் முடிவில் "மேடம்" என்ற சொல் இல்லை. "அக்கா"வும் இல்லை. கேட்டவர் பேனாவைக் கையில் வாங்கினார், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
தையல்காரம்மா, உருளைக்காரர், நுரை, வேன்காரர், பிரிப்பு மேசையார், மடிப்பு மேசையார், மற்றும் சலவைக்கூடத்துப் பணியாளர் அனைவரும்.

கீழே ஓர் இடம் வெள்ளையாக இருப்பதைக் காண்பீர்கள். அதை நாங்கள் எங்கும் தொங்கவிடவில்லை.